311, 312

நான்காம் பாகத்தை ஓவர்டைம் காசில் வாங்கினேன்,
வேலூர்ப் புத்தகக் காட்சியின் கடைசி நாளில்.
பேர்ணாம்பட்டு பஸ் பள்ளிகொண்டா தாண்டுமுன்
முன்பக்க வரைபடத்தை முழுக்க நடந்து முடித்தேன்.
ஆற்றுக்கு நீலம் பூசியிருந்தார்கள்.
பாலாற்றுக்காரிக்கு அதுதான் முதல் மாயாஜாலம்.
பறக்கும் யாளியெல்லாம் அப்புறம்.

மூத்தவள் இருவாட்சி. ஏழு கோட்டை பிடித்தவள்,
குடித்தால் செத்த தோழர்களின் பெயர் மறப்பவள்,
மன்னிப்புக் கேட்க வாய் வராதவள்.
இளையவள் தொய்யில். தொட்ட இடத்தில் தீ மூட்டுவாள்,
அக்காவின் வாளை அடகு வைத்துச் சூதாடினாள்.
மூன்று பாகமாய் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே
இரண்டு பேருக்காகவும்
தட்டில் சோற்றை ஆறவிட்டிருக்கிறேன்.

முதலில் கேட்டது குர்ஷித், என் இடப்பக்க மிஷின்.
மூன்றாம் நாள் திருப்பித் தந்தாள், கண் வீங்கி.
"இன்னா பொம்பள இவ?
கூடப் பொறந்தவ வெளிய நின்னுகினு கீறா,
கதவ சாத்துறா!"
"சாத்தல" என்றாள் மெர்லின், ஒட்டுப் பிரிவு.
"சங்கிலி அறுந்துச்சி. நல்லா படி."
"அறுத்ததே அவதான்டி."
டீ இடைவேளை பத்தே நிமிடம்.
பஜ்ஜியில் எண்ணெய் உறைந்தது.

கட்டிங் துளசிங்கம் மட்டும்தான் ஆண் வாசகர்.
"இம்மாம் கோவம் ஆவாதுமா.
நடுவுல ஒரு கல்யாணம் வெச்சிருக்கலாம்" என்றார்.
அவரிடம் பதினேழு நாள் இருந்தது புத்தகம்.
வரும்போது இருபது மூலை மடங்கியிருந்தது,
அத்தனையும் சண்டைப் பக்கம்.

யாரோ மஞ்சள் கையோடு படித்திருக்கிறார்கள்.
யாரோ, தொய்யில் பொய் சொல்லும் இடத்தில்
பென்சிலால் ஒரு டிக்.
ஒரு ஓரத்தில்: இவளுக்கு நாலு அறை விடணும்.
அதன் கீழே வேறு கையெழுத்து: நீ வுடு பாக்கலாம்.

ஏழாவதாக வாங்கிப்போன சாந்தலட்சுமிதான் சொன்னாள்,
"அக்கா, நடுவுல ஒரு தாளே இல்ல."

310 இப்படி முடிகிறது:
இருவாட்சி சங்கிலியில் கை வைத்தாள்.
313 இப்படித் தொடங்குகிறது:
மழை விட்டிருந்தது.
இடையில் பிசிறில்லாத ஒரு நேர்க்கோடு.
தோல் அறுத்துப் பழகிய கை.

தாள் இல்லாமல் படித்தவர்கள்
படித்தவர்களைவிடச் சத்தமாகப் பேசினார்கள்.
கதவு திறந்ததாம், ரோஷத்தில் தங்கைதான் வரவில்லையாம்.
வெளியே நின்றது தொய்யிலே இல்லையாம்,
அவள் உருவம் எடுத்த பகையாம்.
மழையே இருவாட்சியின் அழுகைதானாம்.
இது மெர்லினின் தம்பி மனைவி,
புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்.
அடித்துப் பேசிய குர்ஷித்தே போன வாரம்,
"தெறந்திருப்பாளோ?" என்று என்னிடம் கேட்கிறாள்.

என்னைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.
சொந்தக்காரிக்குத் தெரியாதா என்கிறார்கள்.
நான் படித்தது கரண்ட் போன ஒரு ராத்திரியில்,
செல்போன் வெளிச்சத்தில், ரெண்டு மணிக்கு.
சங்கிலி உருண்ட சத்தம் நினைவிருக்கிறது.
எந்தப் பக்கம் உருண்டது என்று
இப்போது சத்தியம் செய்ய மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை செக்கிங் மேசைக்குப் போனேன்.
ரத்னாபாய். நூல் மயிரிழை விலகினாலும்
ஜோடியாகத் திருப்புகிறவள்.
"கதப் பொஸ்தகமா? எனக்கு ஏது நேரம்" என்றவள்.
அவள் போன் குப்புறக் கிடந்தது.
கண்ணாடி உறைக்குள் நாலாய் மடித்த தாள்,
மூலையில் தலைகீழாக ஒரு எண்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

போன் அடித்தது.
திருப்பி யாரென்று பார்த்தாள்.
மறுபடி குப்புற வைத்து
சத்தம் நிற்கும்வரை
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் முறை அடித்தபோதும்.

என் ஜோடியில் இரண்டைத் திருப்பினாள் அன்றைக்கு.
தையல் சரியாகத்தான் இருந்தது.
வாங்கிவந்து
பிரித்துத் தைத்தேன்.